கோவை மாவட்டக் கொரோனா தொற்று எண்ணிக்கை (ஜூன் 2021): எந்த வரைபடத்தை நம்பலாம்?

குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நேற்றிரவு இங்கே பகிரப்பட்ட வரைபடத்தில் தேதியும் இல்லை, தரவு எங்கிருந்து எடுக்கப்பட்டது என்ற குறிப்பும் இல்லை. அதைப் பார்த்துக் கலங்கிய பெரியவர்கள் இருவர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார்கள். மே மாத இறுதியில் அன்றாடப் புதிய தொற்றில் சென்னையையே முந்திய மாவட்டம் நம்முடையது என்பதால், அந்த அச்சம் எனக்கும் புரிகிறது.

தமிழகச் சுகாதாரத் துறை நாள்தோறும் வெளியிடும் அறிக்கையே நமக்கு மூலம். மாவட்ட வாரியான அட்டவணை அதிலேயே இருக்கிறது. வரைபடமாகப் பார்க்க விரும்புவோர், மாநில அரசுகளின் அறிக்கைகளைத் திரட்டித் தன்னார்வலர்கள் நடத்தும் கோவிட்19இந்தியா தளத்தைப் பார்க்கலாம். அங்கே லாக் அளவுகோல் அணைந்திருக்கிறதா என்பதை முதலில் கவனியுங்கள். அந்த அளவுகோலில் 40 என்பது 400 ஆவதும், 400 என்பது 4,000 ஆவதும் ஒரே உயரமாகவே தெரியும்.

ஒரு நாள் ஏற்ற இறக்கத்தை வைத்து முடிவுக்கு வர வேண்டாம். பரிசோதனை குறைந்தால் தொற்றும் குறைந்ததுபோலத் தோன்றும் என்பதால், 7 நாள் சராசரியையும் பரிசோதித்தவர்களில் எத்தனை சதவீதத்தினருக்குத் தொற்று உறுதியானது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். கட்டுப்பாடுகளைத் தளர்த்துமுன் இந்த விகிதம் இரண்டு வாரங்களாவது 5 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மே மாதத்திலேயே அறிவுறுத்தியிருக்கிறது.

இனி வரைபடம் பகிர்வோர், தேதியும் மூலமும் தெரியும்படி பகிருமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

குழு ஒருங்கிணைப்பாளர்
ஜூன் 2021