'ஸ்ட்ரைடன்ட்' என்ற சொல்லுக்கு ஒரே பொருள் போதாது

ஆங்கிலம்–தமிழ் அகராதி தொகுக்கும் அறிஞர்களுக்கு,

வணக்கம். மருத்துவத் துண்டறிக்கைகளைத் தமிழாக்கித் தருவது என் வேலை. அகராதிகள் இல்லாமல் எனக்கு ஒரு நாளும் ஓடாது. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

நான் வைத்திருக்கும் அகராதியில் 'ஸ்ட்ரைடன்ட்' (strident) என்ற ஆங்கிலச் சொல்லுக்குக் 'கிறீச்சிடுகிற' என்று போட்டிருக்கிறது. 'ஷ்ரில்' என்பதற்கும் அதேதான். 'ஸ்க்ரீச்' என்று தேடினாலும் அங்கேயே வந்து நிற்கிறது.

இதனால் என்ன ஆயிற்று என்று சொல்கிறேன். குழந்தைகளின் மூச்சுக் கோளாறு பற்றிய ஓர் அறிக்கையில் 'ஸ்ட்ரைடர்' என்ற சொல் வந்தது. இதுவும் அதே குடும்பத்துச் சொல்தான். அகராதியை நம்பி, 'குழந்தையிடம் கிறீச்சொலி கேட்டால் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்' என்று எழுதிவிட்டேன். அச்சுக்குப் போகும் முன் சில தாய்மார்களிடம் படித்துக் காட்டினோம். ஒரு அம்மா கேட்டார்: "எம்புள்ள பசிச்சாலே கிறீச்சுன்னுதாங்க கத்துவான். அதுக்கெல்லாமா வரணும்?"

அவர் கேட்டது நியாயம். ஸ்ட்ரைடர் என்பது அழுகையோ அலறலோ இல்லை. குரல்வளையோ மூச்சுக்குழாயோ வீங்கிச் சுருங்கும்போது, அல்லது வேர்க்கடலை, புளியங்கொட்டை மாதிரி ஏதாவது அங்கே சிக்கும்போது, காற்று இடுக்கில் உரசிக்கொண்டு போகிறது. பெரும்பாலும் மூச்சை உள்ளே இழுக்கையில் அந்தச் சத்தம் கேட்கும். நாம் 'வீசிங்' என்று சொல்வது வேறு. அது நுரையீரலின் சிறு குழாய்களில் பிறப்பது, பெரும்பாலும் மூச்சை விடும்போது கேட்பது. அகராதி தரும் சொல்லில் இந்த வேறுபாடு எதுவுமே இல்லை.

அப்புறம்தான் சொல்லின் வேரைத் தேடிப் போனேன். லத்தீனில் 'ஸ்ட்ரிடேரே' என்றொரு வினை. கீல் முனகுவது, கயிறு இறுகி நெறிபடுவது போன்ற உரசல் ஓசைகளுக்கெல்லாம் ரோமானியர்கள் அதைத்தான் சொன்னார்கள். ரோமானியக் கவி வர்ஜிலின் காப்பியத்தில் கடற்புயல் எழும்போது ஆட்களின் கூச்சலோடு பாய்மரக் கயிறுகளின் 'ஸ்ட்ரிடோர்' கேட்கிறது. அதிலேயே இன்னோரிடத்தில் அம்பு காற்றைக் கிழித்து வருவதற்கும் இதே வினை. ஆங்கிலத்துக்கு 'ஸ்ட்ரைடன்ட்' 17ஆம் நூற்றாண்டில் வந்தது. சுவர்க்கோழி ஒரு சிறகை இன்னொரு சிறகில் தேய்த்து இரவெல்லாம் கத்துகிறதே, அதற்கு உயிரியலில் 'ஸ்ட்ரிடுலேஷன்' என்று பெயர். கயிறு, அம்பு, பூச்சி, குழந்தையின் தொண்டை எல்லாவற்றிலும் பொதுவாக இருப்பது உரசல்.

'ஷ்ரில்' அப்படியில்லை. அது ஜெர்மானிய மொழிக் கிளையிலிருந்து வந்த சொல், மெல்லிசாக, உச்சத்தில் ஒலிப்பதைக் குறிப்பது. நம் காதில் செவிப்பறை வரை போகும் துளை ஏறக்குறைய 2.5 செ.மீ. நீளம், 3,000 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 3,000 அதிர்வு) அளவிலுள்ள ஒலியை அது தானாகவே பெருக்கிவிடும். அதனால்தான் விசில் காதைத் துளைக்கிறது. 'ஷ்ரில்'லுக்குக் 'கீச்சென்ற' என்று போடுங்கள், பொருந்தும்.

'ஸ்ட்ரைடன்ட்' குரலுக்கு நம்மிடமே 'நாராசம்' இருக்கிறது. 'காதுக்கு நாராசமாக இருக்கிறது' என்று இன்றும் சொல்கிறோம். நாராசம் என்றால் இரும்பு அம்பு, காய்ச்சிய இரும்புக் கோல், ஓலைச்சுவடியின் துளையில் செருகும் கம்பி. லத்தீன்காரர்களுக்கு அம்பின் ஓசை, நமக்கு அந்த அம்பே! இதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை எப்படிச் சொல்வேன். இவ்வளவு பக்கத்தில் ஒரு சொல் இருக்க, அகராதியில் ஏன் அது இல்லை?

பேச்சைப் பற்றி வரும்போது பொருள் இன்னொரு பக்கம் போகிறது. ஸ்ட்ரைடன்ட் விமர்சனம் என்றால், விட்டுக்கொடுக்காமல், கேட்பவர் முகம் சுளிக்கும்படி அழுத்தி அழுத்திச் சொல்வது. அதில் சுருதிக்கு வேலையில்லை. ஆனால் ஆங்கில ஏடுகள் இந்தச் சொல்லைப் பெண் தலைவர்கள்மீது தாராளமாக வீசியிருக்கின்றன. குரல் உச்சத்தில் இருக்கிறது என்ற பேச்சு எழுந்ததால் பின்னாளில் பிரிட்டன் பிரதமரான மார்கரெட் தாட்சர் 1970களில் பயிற்சி எடுத்துத் தன் குரலைத் தாழ்த்திக்கொண்டார். ஒரு பெண்ணின் கடுமையான வாதத்தைக் 'கிறீச்சிடும் வாதம்' என்று தமிழாக்கினால், அவர் சொன்ன கருத்து போய் அவருடைய தொண்டைதான் மிஞ்சும். 'காட்டமான', 'விடாப்பிடியான' என்று இடத்துக்குத் தக்க சொற்கள் நம்மிடம் இல்லையா?

அடுத்த பதிப்பில் ஒலி, மருத்துவம், பேச்சு மூன்றையும் தனித்தனியாகப் பிரித்து, ஆளுக்கொரு எடுத்துக்காட்டு வாக்கியம் கொடுங்கள். இடமில்லை என்றால் வேறெதையாவது சுருக்குங்கள், மருத்துவப் பொருளை மட்டும் விட்டுவிடாதீர்கள். எங்கள் துண்டறிக்கையில் கடைசியாக இப்படித்தான் எழுதினோம்: 'குழந்தை மூச்சை உள்ளே இழுக்கும்போது தொண்டையில் கரடான சத்தம் கேட்டால் உடனே வாருங்கள்.' அந்த அம்மாவிடம் மறுபடி படித்துக் காட்டினேன். தானே மூச்சை இழுத்துச் சத்தம் எழுப்பி, "இப்படித்தானே?" என்றார்.

அன்புடன்,
உங்கள் அகராதிகளை நாள்தோறும் புரட்டும் ஒரு மொழிபெயர்ப்பாளர்