மண்மேட்டை ஏலம் விடுமுன் எங்கள் லைன்களுக்கு வாருங்கள்

மத்திய சுரங்க அமைச்சகத்துக்கும், கர்நாடக அரசுக்கும், கோலார் தங்கவயலின் பொறுப்பில் இருக்கும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

2024 ஜூன் மாதம், தங்கவயலில், தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய மிச்ச மண்ணான 13 சயனைடு மண்மேடுகளிலிருந்து மறுபடியும் தங்கம் எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. சுமார் 1,003 ஏக்கர், 3 கோடியே 30 லட்சம் டன் மண் என்று செய்தி வந்தது. அதில் எத்தனை கிலோ தங்கம் தேறும், அரசுக்கு என்ன வருமானம் வரும் என்று நிறையப் பேசினார்கள். அந்த மேடுகளின் அடிவாரத்திலேயே குடியிருக்கிற எங்களைப் பற்றி யாரும் பேசியதை நான் கேட்கவில்லை.

லைன் என்றால் சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கம்பெனி கட்டிய வரிசை வீடுகள். நான் சாம்பியன் ரீஃப்ஸ் லைனில் பிறந்து இன்றும் அங்கேயே இருப்பவள். அப்பா அண்டர்கிரவுண்டில் வேலை பார்த்தவர். தாத்தா குடியாத்தம் பக்கத்திலிருந்து வந்தவர். எங்கள் லைன்களில் இருக்கும் குடும்பங்களில் பெரும்பாலானவை இப்படி வட ஆற்காடு, சித்தூர், சேலம் பக்கத்துச் சேரிகளிலிருந்து பிழைப்புக்கு வந்தவைதான். கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் மனுக்கள் கொடுத்துப் பார்த்துவிட்டோம். இதை எங்கள் ஊர்க்காரர்களும் படிக்கட்டும் என்று தமிழில் எழுதுகிறேன்.

நான் கேட்க வந்தது ஒன்றே ஒன்றுதான். எங்கள் லைன்களின் பாதுகாப்புக்கு யார் பொறுப்பு? அந்தப் பெயரை முதலில் எழுத்தில் சொல்லுங்கள். டெண்டர் எல்லாம் அதற்குப் பிறகு.

இந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று விளக்குகிறேன். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்ததிலிருந்து 2001 பிப்ரவரி 28 அன்று மத்திய அரசின் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்ட வரைக்கும் இந்த ஊரில் எல்லாமே கம்பெனிதான். வீடு கம்பெனி வீடு. பேத்தமங்களா ஏரியிலிருந்து வந்த தண்ணீர் கம்பெனித் தண்ணீர். ஆஸ்பத்திரி, ரோடு, கக்கூஸ், சங்கு ஊதும் நேரம் எல்லாம் கம்பெனி. அது நல்ல முதலாளியாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். பத்துக்குப் பத்து அறையில் மூங்கில் தட்டி கட்டி எங்கள் ஆட்களை அடைத்து வைத்த காலம் அது. ஆனாலும் தெருவில் குழாய் உடைந்தால் யாரிடம் போய் நிற்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

மூடியபோது சம்பளம் நின்றது. நிலம் மட்டும் கம்பெனி பெயரிலேயே தங்கிவிட்டது, ஏறக்குறைய 12,000 ஏக்கர். வேலை தரும் கம்பெனி போய்விட்டது. நிலத்துக்குச் சொந்தக்காரக் கம்பெனி இன்னும் இருக்கிறது. எங்கள் துன்பத்தில் பாதி இந்த இடைவெளியில்தான் கிடக்கிறது.

தெருவிளக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 1902-இல் சிவனசமுத்திரத்தில் மின்சாரம் எடுத்தபோது, அதைக் கம்பி வழியாக நூறு கிலோமீட்டருக்கு மேல் இழுத்து முதலில் கொண்டுவந்தது எங்கள் ஊருக்குத்தான். பெங்களூர் தெருக்களுக்கே 1905-இல்தான் விளக்கு வந்தது. இன்றைக்குச் சாம்பியன் ஸ்டேஷனில் இரவு ரயில் வந்து நின்றால், இறங்குகிற பெண்கள் யாரும் உடனே வீட்டுக்கு நடக்க மாட்டார்கள். பிளாட்பாரத்திலேயே நிற்பார்கள். எந்த லைனுக்கு எத்தனை பேர் என்று பார்த்து, சேர்ந்து, செல்போன் டார்ச்சைப் போட்டுக்கொண்டு கிளம்புவார்கள். முன்னால் போகிறவள் டார்ச்சைத் தரையில் அடிப்பாள், பள்ளம் இருக்கிறதா என்று. கடைசியில் வருகிறவள் பின்பக்கம் அடிப்பாள். ஒயிட்ஃபீல்டில் வீட்டு வேலை செய்கிறவர்கள், கார்மென்ட்ஸில் தைக்கிறவர்கள், ஆபீஸ்களில் ஹவுஸ்கீப்பிங் பார்க்கிறவர்கள் அவர்கள். விடிவதற்கு முன்னால் மாரிக்குப்பத்திலிருந்து கிளம்பும் வண்டியில் போய், போக வர நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து, ஊர் வந்து சேர்ந்த பிறகு கடைசி ஒரு கிலோமீட்டருக்குத்தான் பயப்படுகிறார்கள்.

அந்த வழிக்கு விளக்குப் போடச் சொல்லி நாங்கள் ஓர் அலுவலகத்துக்குப் போனோம். "இது மைன்ஸ் ஜாகாம்மா, நாங்க கம்பம் நட முடியாது" என்றார்கள். இன்னோர் அலுவலகத்துக்குப் போனோம். நிலம் மட்டும்தான் எங்களுடையது, விளக்குப் போடுவது எங்கள் வேலை இல்லை என்றார்கள். இரண்டு இடத்திலும் மரியாதையாகத்தான் பேசினார்கள். இரண்டு இடத்திலும் அவர்கள் சொன்னது சட்டப்படி சரியாகவே இருக்கலாம். அப்படியானால் அந்தச் சட்டத்தை மாற்றுங்கள். இருட்டில் நடப்பது நாங்கள்தானே.

வீடும் அப்படித்தான். எங்கள் லைனில் பட்டா என்று எடுத்துக் காட்ட யாரிடமும் ஒரு தாள் கிடையாது. பட்டா இல்லாவிட்டால் பேங்க் கடன் இல்லை. கடன் இல்லாவிட்டால் ஒழுகுகிற தகரத்தை மாற்ற முடியாது, உள்ளே ஒரு கக்கூஸ் கட்ட முடியாது, வாசலில் தையல் மிஷின் போட்டு நாலு காசு பார்க்கவும் வழியில்லை. கடைசியில் வட்டிக்காரனிடம் போகிறார்கள். வாரத் தவணை கட்ட முடியாத வீட்டின் முன்னால் பைக்கில் வந்து நின்று கத்துகிறவர்களைப் பார்த்தால் புரியும், வறுமையும் பயமும் ஒரே கதவு வழியாகத்தான் வருகின்றன என்று. உள்ளே கக்கூஸ் இல்லாத வீட்டுப் பெண் பிள்ளை ராத்திரியில் பொதுக் கக்கூஸுக்குப் போக அம்மாவை எழுப்புகிறாள். அம்மாவுக்குக் காலை மூன்றரை மணிக்கு எழுந்து ரயிலுக்குப் போக வேண்டும். இதைக் குற்றத் தடுப்பு என்று எந்த அறிக்கையிலும் எழுத மாட்டார்கள். எனக்கு அதுதான் முதல் குற்றத் தடுப்பு.

எங்கள் ஊரைப் பற்றி வெளியில் பேசும்போது ரௌடி, திருட்டு, கஞ்சா என்று பேசுவார்கள். இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் எப்படி வந்தது என்று கேளுங்கள். சுரங்கம் மூடிய பிறகு இங்கே கடைசியாக விற்கக் கிடைத்த சரக்கு இரும்பும் செம்பும்தான். மில்லிலும், சுரங்கத்துக்குள் இறங்கும் ஆழ்குழியான ஷாப்டிலும் துருப்பிடித்துக் கிடந்ததை இரவில் அறுத்துக்கொண்டுபோய்க் காயலான் கடையில் போட்டால் மறுநாள் அரிசி வாங்கலாம். அப்படி ஆரம்பித்த பையன்கள் உண்டு. அவர்களைப் பிடிக்கிற போலீஸ் உண்டு. வேலை கொடுக்கத்தான் யாரும் வரவில்லை. 2020 மே மாதம், ஊரடங்கு நாட்களில், மாரிக்குப்பம் பக்கத்தில் கைவிடப்பட்ட சுரங்கத்துக்குள் இறங்கிய எங்கள் ஊர்க்காரர்கள் மூன்று பேர் மூச்சுத்திணறிச் செத்துப்போனார்கள். செய்தியில் திருடர்கள் என்று போட்டார்கள். திருடப் போனவர்கள் என்றே வைத்துக்கொள்வோம். அந்தச் சுரங்கத்தின் வாய் ஏன் திறந்து கிடந்தது? கோடிக்கணக்கான டன் பாறையை வெளியே எடுத்தவர்கள், ஆள் உள்ளே இறங்க முடியாதபடி அந்த வாயை மூடுவதற்கு யாரைப் பொறுப்பாக்கிவிட்டுப் போனார்கள்?

கோலார் ஒரே வருவாய் மாவட்டம். ஆனாலும் தங்கவயலுக்கென்று தனிப் போலீஸ் மாவட்டமும் தனி எஸ்.பி.யும் உண்டு. தங்கம் களவு போகக் கூடாது என்று வெள்ளைக்காரன் காலத்தில் கட்டிய காவல் ஏற்பாட்டின் தொடர்ச்சி அது. போலீஸ் வேண்டாம் என்று சொல்லவில்லை. லைனுக்குள் வரும் பீட் கான்ஸ்டபிள் எங்கள் பிள்ளைகளின் பெயரைத் தெரிந்தவராக இருக்க வேண்டும். புகார் கொடுக்கப் போகிற பெண்ணை உட்காரவைத்துத் தமிழில் கேட்டு எழுதிக்கொள்ள ஆள் இருக்க வேண்டும். தங்கத்துக்குக் கொடுத்த காவலை மனிதர்களுக்குக் கொடுங்கள்.

இனி அந்த மண்மேடுகள். நூறு வருஷத்துக்கு மேல் பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்தெடுத்து, மிச்சத்தைக் கொட்டிய குவியல்கள் அவை. சயனைடு வெயிலில் நாளாக ஆகச் சிதைந்துவிடும் என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். சரி. அரைத்த பாறைத் தூளில் இருக்கும் சிலிக்கா எங்கே சிதையும்? வைகாசி, ஆனி மாதக் காற்று கிளம்பினால் வெள்ளைத் தூள் பறந்து வந்து சோற்றில் விழும், குடிதண்ணீர்க் குடத்தின் மேல் படலமாக நிற்கும். குழந்தைகளுக்குத் தோல் தடிக்கும். மழை பெய்தால் அதே மண் கரைந்து வாய்க்காலில் இறங்கும். என் அப்பா தலைமுறை இந்தத் தூளைப் பூமிக்குக் கீழே, சில இடங்களில் மூன்று கிலோமீட்டர் ஆழத்துக்கும் கீழே, சுவாசித்தது. அந்தத் தூளால் வரும் நுரையீரல் நோயான சிலிகோசிஸ் வந்து இருமி இருமியே போனவர்கள் இல்லாத லைன் இங்கே கிடையாது. இப்போது நீங்கள் அந்த மேடுகளை வெட்டி, லாரியில் ஏற்றி, மறுபடி அரைக்கப் போகிறீர்கள். அப்போது எழும்பும் தூளை அளப்பது யார், எந்தெந்த லைனில் கருவி வைப்பார்கள், அளவு கூடினால் வேலையை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு? டெண்டர் காகிதத்தில் இவை இருக்க வேண்டும். எங்களுக்குப் படித்துக் காட்டவும் வேண்டும்.

கீழேயும் அமைதி இல்லை. மூடிய பிறகு பம்புகளை நிறுத்தினார்கள், ஷாப்டுகளில் தண்ணீர் ஏறியது. அதற்குப் பிறகும் பாறை அதிர்வுகள் வந்திருக்கின்றன. எங்கள் ஆட்கள் அதை ஏர் பிளாஸ்ட் என்பார்கள். பாத்திரம் குலுங்கும், சுவரில் புதுசாக ஒரு கீறல் விழும். தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனத்துக்கு எங்கள் ஊரிலேயே அலுவலகம் இருக்கிறது. அவர்களிடம் இருக்கும் தகவலை வைத்து எந்த லைன் ஆபத்தான இடத்தில் இருக்கிறது, எது பரவாயில்லை என்று ஒரு வரைபடம் போட்டு எங்கள் தெருவில் ஒட்டலாமே.

வேலை பற்றியும் சொல்ல வேண்டும். 2001-இல் 10 கிராம் தங்கம் ஐயாயிரம் ரூபாய்கூட இல்லை. டன் பாறைக்கு மூன்று கிராம் அளவுக்குத்தான் தேறியது. நஷ்டம், மூடுகிறோம் என்றார்கள். கணக்கு எனக்குப் புரிகிறது. ஆனால் ஒரு கட்டத்தில் 30,000 பேருக்குச் சோறு போட்ட இடத்தை மூடும்போது, அடுத்த தலைமுறை எங்கே வேலைக்குப் போகும் என்ற கணக்கை யாரும் போடவில்லை. கனரக இயந்திரங்கள் செய்யும் பெமல் தொழிற்சாலை இருக்கிறது, ஆனால் ஓர் ஊர் முழுவதையும் அது தாங்காது. 2013-இல் உச்ச நீதிமன்றம் உலகளாவிய டெண்டருக்கு வழிவிட்டபோது எங்கள் பெரியவர்கள் மறுபடி ஷிப்டுக்குப் போகப் போவதாகவே பேசிக்கொண்டார்கள். சுரங்கம் திறக்கவில்லை. அப்படிப் பேசிய சிலர் இன்று இல்லை. அதனால் "வேலைவாய்ப்பு உருவாகும்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாதீர்கள். எத்தனை வேலை, எந்த வேலை, அதில் முன்னாள் தொழிலாளர் குடும்பங்களுக்கு எத்தனை என்று எண்ணிக்கையாகச் சொல்லுங்கள். ஒப்பந்தக்காரர் வெளியூரிலிருந்து ஆள் கூட்டிவந்துவிட்டு எங்கள் பையன்களை வாட்ச்மேனாக மட்டும் வைத்துக்கொண்டால், இரும்பு அறுக்கும் கதை இன்னொரு தலைமுறைக்குத் தொடரும்.

நாங்கள் எதிர்பார்ப்பது இதுதான். லைன்கள் இருக்கும் நிலத்தைக் கம்பெனி கணக்கிலிருந்து பிரித்து, ரோடு, விளக்கு, சாக்கடைக்கு நகரசபையைப் பொறுப்பாக்குங்கள். அதற்கான பணத்தையும் சேர்த்துக் கொடுங்கள், இல்லாவிட்டால் அவர்களும் கையை விரிப்பார்கள். வீட்டுப் பட்டாவைக் குடியிருப்பவர் பெயரில் கொடுங்கள். கணவனை இழந்த பெண்களும், கணவன் பெங்களூருக்குப் போய்த் திரும்பாத பெண்களும் இங்கே நிறைய. ஆகவே பெண் பெயரில் கொடுங்கள். திறந்து கிடக்கும் ஷாப்டு ஒவ்வொன்றையும் கணக்கெடுத்துக் கான்கிரீட் போட்டு மூடுங்கள். கம்பிவேலி போதாது, வேலியும் இங்கே விலைக்குப் போகும். மண்மேட்டிலிருந்து வரும் வருமானத்தில் இத்தனை சதவீதம் லைன்களுக்கு என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். சுரங்கம் நடக்கும் இடங்களின் மக்களுக்கென்று மாவட்டக் கனிம நிதி வைக்க 2015-இலேயே சட்டத்தில் இடம் கொடுத்தீர்கள். நூற்று இருபது வருஷம் தோண்டப்பட்ட ஊரைவிட அதற்கு உரிமையுள்ள ஊர் எது?

இவற்றில் சில வருஷக்கணக்கில் ஆகும் என்று தெரியும். ஸ்டேஷனிலிருந்து லைனுக்குப் போகும் வழியில் விளக்குப் போட வருஷம் ஆகாது.

டெண்டர் திறப்பதற்கு முன்னால் சாம்பியன் ரீஃப்ஸில் ஒரு பொதுக் கூட்டம் நடத்துங்கள். சுரங்க அமைச்சகத்திலிருந்து ஒருவர், மாநில வருவாய்த் துறையிலிருந்து ஒருவர், நகரசபையிலிருந்து ஒருவர், போலீசிலிருந்து ஒருவர் என்று நான்கு பேரும் ஒரே மேடையில் உட்கார வேண்டும். ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டினால் அந்த இன்னொருவர் பக்கத்திலேயே இருப்பார். ஞாயிற்றுக்கிழமையாக வையுங்கள், மற்ற நாட்களில் எங்கள் ஆட்கள் ரயிலில் இருப்பார்கள். மாலை ஆறரைக்குத் தொடங்குங்கள். கூட்டம் முடிந்ததும் நீங்கள் நால்வரும் எங்களோடு லைன்கள் வழியாக ஸ்டேஷன் வரைக்கும் நடந்து வர வேண்டும். தேதியை எழுத்தில் தெரிவியுங்கள்; லைனுக்கு லைன் சொல்லி ஆள் சேர்ப்பது எங்கள் பொறுப்பு.

இப்படிக்கு,
சாம்பியன் ரீஃப்ஸ் லைன்வாசி ஒருத்தி
கோலார் தங்கவயல்