திங்கட்கிழமை காலி மெஷின்கள்

ஐயா,

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் லைன் சூப்பர்வைசராக இருக்கிறேன். சனிக்கிழமை இரவு சம்பளம்; திங்கட்கிழமை காலை நாலைந்து ஓவர்லாக் தையல் மெஷின்கள் ஆள் வராமல் சும்மா கிடக்கும். "குடித்துவிட்டுப் படுத்திருப்பான்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். சரி, அதுவும் உண்டு. ஆனால் போன வாரம் விசாரித்தேன்: ஒருவர் தேனிக்குப் போய்விட்டுத் திரும்பப் பஸ் கிடைக்காமல் நின்றவர், ஒரு பெண்ணின் குழந்தைக்குக் காய்ச்சல், இன்னொருவர் ஆறு நாளும் ஒன்றரை ஷிப்ட் பார்த்து இடுப்பு பிடித்துக் கிடந்தார்.

இருபது நாள் வேலைக்கு ஒரு நாள் சம்பளத்தோடு விடுப்பு என்பது 1948 தொழிற்சாலைகள் சட்டத்திலேயே வந்துவிட்டது. பீஸ் ரேட் ஆட்களிடம், அதாவது தைக்கும் உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர்களிடம், இதை யார் சொல்கிறார்கள்? லீவு கேட்டால் திட்டுதான் விழுகிறது, அதனால் சொல்லாமலே நின்றுவிடுகிறார்கள். கேட்டதும் கொடுத்தால், யார் வரமாட்டார் என்பது எனக்குச் சனிக்கிழமையே தெரிந்துவிடுமே!

— ஒரு சூப்பர்வைசர், திருப்பூர்