விஸ்கி சுவைப்பு வட்டத்தின் ஆண்டறிக்கை, 2024–25 (கார்டிஃப், வேல்ஸ்)

மதிப்பிற்குரிய தலைவர் ஐயா அவர்களுக்கும், பொருளாளருக்கும், செயற்குழுவினருக்கும், இன்று வந்திருக்கும் பன்னிரண்டு பேருக்கும், வராத பத்தொன்பது பேருக்கும் வணக்கம்.

இந்த அறிக்கை மூன்று வாரம் தாமதமாக வருகிறது. ரசீதுகள் ஒருவர் வீட்டில், வருகைப் பதிவேடு இன்னொருவர் காரின் பின் சீட்டில், என் குறிப்பேடு மட்டும் என்னிடம் என்று கிடந்தால் தாமதம் ஆகத்தான் செய்யும். தாமதத்துக்கு வருந்துகிறேன். ஆனால் முழுப் பொறுப்பும் என்னுடையதல்ல.

ஆண்டில் ஒன்பது கூட்டங்கள் நடந்தன. சராசரி வருகை பதினான்கு. ஜூலையில் பூங்காவில் வைத்த குடும்பச் சந்திப்பு மழையால் பாதியில் முடிந்தது. ஜனவரியில் பொங்கல் விருந்து நன்றாக நடந்தது, அன்று மட்டும் வருகை நாற்பதைத் தாண்டியது. விஸ்கி வைக்கவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன். மார்ச் 1, வேல்ஸின் காவல் புனிதரான டேவிட்டின் நாளில் எல்லாரும் 'யெஹித் தா' (வெல்ஷ் மொழியில் 'நல்ல ஆரோக்கியம்') சொல்லிக் கோப்பை உயர்த்தினோம். உச்சரிப்பு இன்னும் சரியாக வரவில்லை. ழகரத்தை ஒழுங்காகச் சொல்லத் தெரிந்த நமக்கு இந்த ஊர்க்காரர்களின் தொண்டை ஒலி பெரிய விஷயமா என்று தலைவர் கேட்டார். லாந்துத்னோ என்ற ஊர்ப் பேரை வாசிக்கச் சொன்னபின் அவரும் பேச்சை மாற்றிவிட்டார்.

மே மாதம் பெண்டெரின் என்ற விஸ்கி வடிசாலைக்குப் போனோம். கார்டிஃப்பிலிருந்து ரயிலில் அபெர்டேர், அங்கிருந்து வேன். வேன் நாற்பது நிமிடம் பிந்தி வந்தது, அதற்கு நான் வாங்கிய வசவைப் பற்றி இங்கே எழுதவில்லை. பிரெக்கன் மலைகளின் தென்கோடியில் ஒரு சின்ன ஊர். பேருக்கே பறவைத் தலை என்று அர்த்தம். 2000 செப்டம்பரில் அங்கே முதல் வடி இறங்கியது, 2004 மார்ச் 1 அன்று முதல் குப்பி கடைக்கு வந்தது. ஒரு நூற்றாண்டாக வேல்ஸில் நின்றுபோயிருந்த தொழில் அப்படித்தான் மறுபடி தொடங்கியது. தொடக்கத்தில் அவர்களிடம் முளைகட்டிய பார்லி மாவை ஊறவைக்கும் தொட்டி கிடையாது. நொதித்த சாறு நம் கார்டிஃப் பீர் ஆலையிலிருந்துதான் லாரியில் மலையேறியது. 2014 முதல்தான் சொந்த ஊறல். இதைக் கேட்டதும் நம்மவர்கள் ஏதோ தங்கள் வீட்டிலிருந்து சம்பந்திக்குச் சீர் போன மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்கள்.

பார்க்க வேண்டியது அங்குள்ள செம்புக் கலன். விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடேயின் உறவு வழியில் வந்த டேவிட் ஃபாரடே வடிவமைத்தது. ஸ்காட்லாந்தில் பொதுவாக இரண்டு பானைக் கலன்களில் இரண்டு முறை வடித்து எழுபது சதவீத ஆல்கஹாலை ஒட்டி எடுப்பார்கள். இங்கே ஒரே கலன், மேலே உயர்ந்த கோபுரம். 92 சதவீதத்தில் சாராயம் இறங்குகிறது. அவ்வளவு உயரம் ஏறும்போது கனமான எண்ணெய்ப் பிசுக்கெல்லாம் கீழேயே தங்கிவிடும். மேலே வருவது மெலிசானது, பழ வாசனை உடையது. அதனால்தான் பிறகு அதை எந்தப் பீப்பாயில் வைக்கிறார்களோ அந்தப் பீப்பாயின் குரல் பலமாகக் கேட்கிறது. முதலில் அமெரிக்க பர்பன் விஸ்கி இருந்த பீப்பாய், கடைசியில் மதெய்ரா ஒயின் இருந்த பீப்பாய் என்று அங்கே வழி வகுத்தவர் ஜிம் ஸ்வான். தைவானின் கவாலான் வடிசாலைக்கும் ஆலோசகராக இருந்தவர், 2017இல் காலமானார். இப்போது ஃபாரடே கலன் இரண்டு, கூடவே பழைய பாணிப் பானைக் கலன் ஜோடி ஒன்றும் இருக்கிறது. இவ்வளவையும் நான் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தபோது நம் உறுப்பினர்கள் பாதிப் பேர் கடைப் பகுதியில் இருந்தார்கள்.

இனி நவம்பர் கூட்டம். இதைப் பற்றிப் பலரும் பலவிதமாகப் பேசிவிட்டார்கள். நடந்ததை நடந்தபடி சொல்வது என் கடமை.

ஐந்து வருடமாக நாம் செய்துவருவது மதிப்பீடு அல்ல. குப்பியை மேசை நடுவே வைக்கிறோம், லேபிளைப் படிக்கிறோம், விலையைக் கேட்கிறோம், அப்புறம் முகர்ந்துவிட்டு "ஆஹா" என்கிறோம். மார்க் போடும் தாளிலும் வெளியூர்ப் புத்தக வார்த்தைகள்: ஹெதர் பூ, கிறிஸ்துமஸ் கேக், பழைய தோல் நாற்காலி. நம்மில் எத்தனை பேர் சின்ன வயதில் ஹெதர் பூவை முகர்ந்தோம்? ஆகவே நான் இரண்டு மாதம் உட்கார்ந்து நம் நாக்குக்குத் தெரிந்த சொற்களால் ஒரு தாள் தயாரித்தேன். தேங்காய் பர்பி, வறுத்த கடலை, சத்துமாவு, பேரீச்சை, சுக்கு, நாட்டுச்சர்க்கரை, ஈரச் சாக்கு எரியும் புகை, டிஞ்சர். விளையாட்டுக்காகச் சேர்த்தவை அல்ல. அமெரிக்க ஓக் மரத்தில் இருக்கும் லாக்டோன் என்ற சேர்மம்தான் உண்மையாகவே தேங்காய் மணத்தைத் தருகிறது. பார்லியை உலர்த்த எரிக்கும் பீட் என்ற சதுப்பு மண்ணின் புகையில் வரும் ஃபீனால் சேர்மக் குடும்பம்தான் ஆஸ்பத்திரி வாசனை. தாளின் அச்சுச் செலவை நான் இன்னும் கேட்கவில்லை.

அன்று மேசையில் ஆறு கோப்பை. லேபிள் கிடையாது, மூன்று இலக்க எண் மட்டும். நிறத்தைப் பார்த்து மயங்கக் கூடாதென்று நீலக் கண்ணாடிக் கோப்பைகள் இரவல் வாங்கிவந்தேன். கேரமல் நிறம் சேர்ப்பது சட்டப்படி அனுமதிக்கப்பட்டது என்பதால் அடர் நிறம் எதற்கும் சாட்சி அல்ல. பெண்டெரினின் மதெய்ரா, ஷெர்ரிவுட் (ஷெர்ரி ஒயின் பீப்பாய்), பீட்டெட் (பீட் புகை வாசம்) மூன்றும் 46 சதவீதம். வடக்கே அபெர்க்வின்க்ரெகினில் இருக்கும் அபெர் ஃபால்ஸ் குப்பி 40, ஒரு ஸ்காட்லாந்துக் குப்பியும் 40. வீரியம் வேறுபட்டால் ஒப்பிடுவது நியாயமில்லை. அதனால் 46ஐ 40க்குக் கொண்டுவந்தேன்: நூறு மில்லிக்குப் பதினைந்து மில்லி தண்ணீர். தொழில்முறைக் கலவையாளர்கள் இருபது சதவீதம் வரை இறக்கித்தான் முகர்ந்து பார்க்கிறார்கள். ஆனால் சமையலறைப் பக்கம் வந்த ஒரு உறுப்பினர் நான் அளவுக் குவளையோடு நிற்பதைப் பார்த்துவிட்டு, "செயலாளர் சரக்கில் தண்ணி கலக்கிறார்" என்று கூடம் முழுக்கச் சொல்லிவிட்டார். அந்தச் சொல் இன்றுவரை என் பின்னால் வருகிறது.

கவனித்தவர்களுக்குத் தெரிந்திருக்கும், நான் சொன்னது ஐந்து குப்பி, மேசையில் ஆறு கோப்பை. 417, 852 என்ற இரண்டு எண்களிலும் இருந்தது ஒரே மதெய்ரா. ஒரே பொருளை ஒருவர் இரண்டு தடவை ஒரே மாதிரி மதிப்பிடுகிறாரா என்று பார்க்க இதைவிட எளிய வழி கிடையாது. முன்கூட்டியே சொன்னால் சோதனையே இல்லை. ஏமாற்றினேன் என்று சொல்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

பதினான்கு பேரில் ஒருவர்கூட இரண்டுக்கும் ஒரே மார்க் போடவில்லை. வட்டத்தின் மூத்த உறுப்பினர், பெயர் வேண்டாம், 417க்கு 88 கொடுத்து "ராஜ சரக்கு, நிச்சயம் ஸ்காட்லாந்து" என்று எழுதினார். 852க்கு 65 கொடுத்து "மண்ணெண்ணெய், நிச்சயம் வேல்ஸ்" என்றார். உண்மையான ஸ்காட்லாந்துக் கோப்பை சத்தமில்லாமல் நான்காவதாக வந்தது. அபெர் ஃபால்ஸ் இளசு, சத்துமாவு வாசனை என்று பலரும் எழுதியிருந்தார்கள், சரியான கணிப்பு. 2017இல் வடிக்கத் தொடங்கி 2021இல்தான் முதல் குப்பியை வெளியிட்ட இடம் அது. ஷெர்ரிவுட்டுக்குப் பேரீச்சை, முந்திரி. பீட்டெட்டுக்குப் பாதிப் பேர் எண்பதுக்கு மேல், பாதிப் பேர் டிஞ்சர் என்று எழுதி ஒதுக்கிவிட்டார்கள்.

ஒரே ஒருவர் தப்பினார். மருந்தகத்தில் வேலை பார்க்கும் அக்கா ஒரு துளியும் விழுங்க மாட்டார், முகர்வார், நாக்கில் தொட்டுத் துப்புவார், அவ்வளவுதான். "குடிக்காதவருக்கு எதற்கு உறுப்பினர் அட்டை" என்று இதே கூடத்தில் கேட்டவர்கள் உண்டு. அவர் போட்டது 79, 78. தாளின் ஓரத்தில் பென்சிலில் "இரண்டும் ஒன்றுதானோ?" என்று எழுதியிருந்தார். அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

முடிவை வாசித்தபோது யாரும் சிரிக்கவில்லை. அதற்குப் பின் ஐந்து பேர் கூட்டத்துக்கு வருவதை நிறுத்தினார்கள். நான் யாரையும் சிறுமைப்படுத்த நினைக்கவில்லை. நியாயத்துக்காக இன்னொன்றையும் பதிவு செய்கிறேன்: பிப்ரவரியில் பொருளாளர் எனக்குத் தெரியாமல் அதே சோதனையை எனக்கு வைத்தார். நான் 84, 71 போட்டேன். அன்று எனக்குச் சளி.

வரவு செலவு. முழு விவரம் பொருளாளரிடம் இருக்கிறது, விரும்புகிறவர்கள் கேட்கலாம். சந்தா ஆண்டுக்கு 60 பவுண்டு. முழுதாகக் கட்டியவர்கள் பதினேழு பேர், பாதி கட்டியவர்கள் ஆறு பேர். எட்டுப் பேர் ஒரு பென்னியும் தரவில்லை, அதில் இருவர் இந்த மேசையிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். ஆக வரவு ஏறக்குறைய 1,200. செலவும் ஏறக்குறைய அதேதான். பணம் எங்கே போகிறது என்று கேட்கிறவர்களுக்கு: 2025 பிப்ரவரியில் மது மீதான தீர்வை மறுபடி ஏறி, சுத்த ஆல்கஹால் லிட்டருக்கு 32.79 பவுண்டு ஆனது. அந்தக் கணக்கில் 46 சதவீதத்தில் 700 மில்லிக் குப்பி ஒன்றுக்குத் தீர்வை மட்டும் பத்தரை பவுண்டு, அதற்கு மேல் வாட் வரி. போதாதற்கு வேல்ஸில் யூனிட்டுக்கு (பத்து மில்லி சுத்த ஆல்கஹால்) ஐம்பது பென்ஸ் என்று 2020இல் தொடங்கிய குறைந்தபட்ச விலைச் சட்டமும் இருக்கிறது. நாம் வாங்கும் ரகத்துக்கு அது தடையில்லை என்றாலும், "மலிவாகக் கிடைக்குமே" என்று யோசனை சொல்பவர்கள் தெரிந்துகொள்வது நல்லது.

மிச்சக் குப்பிகள் விவகாரத்துக்கு வருகிறேன். வழக்கமான கூட்டத்தில் பதினான்கு பேருக்குத் தலைக்கு 15 மில்லி என்றால் ஒரு குப்பியில் 210 மில்லி செலவு. குப்பியில் 490 மில்லி மீதி இருக்க வேண்டும். அந்த 490 எங்கே என்று என்னிடம் நேராகக் கேட்காமல் வாட்ஸப்பில் கேட்டார்கள். எல்லாம் கூடத்து அலமாரியில் இருக்கிறது. ஒவ்வொரு குப்பியிலும் மட்டத்தைப் பேனாவால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். மார்ச் கடைசியில் எண்ணியபோது பதினொரு குப்பியில் ஐந்தில் சரக்கு கோட்டுக்குக் கீழே இருந்தது. பீப்பாயில் இருக்கும்போது ஆண்டுக்குச் சுமார் இரண்டு சதவீதம் ஆவியாகும், அதைத் தேவதைகளின் பங்கு என்பார்கள். மூடி இறுக்கிய குப்பியில், பூட்டிய அலமாரிக்குள் தேவதைக்கு என்ன வேலை? அலமாரிக்குச் சாவி இரண்டு. ஒன்று என்னிடம். இன்னொன்று யாரிடம் என்று அறிக்கையில் எழுதுவது முறையல்ல, அவருக்கே தெரியும்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள்: கூடத்தை வாடகை குறைத்துத் தந்தவர்கள், நீலக் கோப்பைகள் கொடுத்த நண்பர் (இரண்டு உடைந்தன, பாக்கி இருக்கிறது), மிக்சரும் வடையும் கொண்டுவந்த வீட்டார், தலைவர் ஐயா, செயற்குழு, மற்றும் அனைவருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் செய்ய நிறைய இருக்கிறது. வேல்ஸ் சிங்கிள் மால்ட்டுக்கு (ஒரே வடிசாலையில் முளைகட்டிய பார்லியால் வடித்த விஸ்கி) 2023இல் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது, இனி அந்தப் பேரைப் போட வேண்டுமானால் வடிப்பதும் முதிர்வதும் இங்கேயே நடக்க வேண்டும். பெண்டெரின்காரர்கள் 2021இல் லாந்துத்னோவில் ஒரு பழைய பள்ளிக் கட்டடத்திலும், 2023இல் சுவான்சியின் செம்பாலை வளாகத்திலும் புதிய வடிசாலைகளைத் திறந்துவிட்டார்கள். செம்பு உருக்கிய ஊரில் செம்புக் கலன், போய்ப் பார்க்க வேண்டும். எனக்குத் தனிப்பட்ட ஆசை ஒன்று உண்டு: வட வேல்ஸில் பாலா என்ற ஊருக்குப் பக்கத்தில் உள்ள ஃப்ரோங்கோக். 1880களின் இறுதியில் லாய்ட் பிரைஸ் என்ற நிலக்கிழார் அங்கே வடிசாலை கட்டி 'ராயல் வெல்ஷ்' என்று குப்பி விட்டார். அது நெடுநாள் நிற்கவில்லை. பிறகு அந்தக் கட்டடத்தில் முதலில் ஜெர்மன் போர்க் கைதிகளையும், 1916இல் டப்ளினில் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக நடந்த எழுச்சிக்குப் பின் விடுதலைப் போராளி மைக்கேல் காலின்ஸ் உள்பட அயர்லாந்துக்காரர்களையும் அடைத்து வைத்தார்கள். இன்று அங்கே பார்க்கக் கட்டடம் இல்லை. "ஒன்றும் இல்லாத இடத்துக்கு நாலு மணி நேரம் பயணமா" என்று செயற்குழுவில் கேட்டுவிட்டார்கள். சரி.

இதற்கெல்லாம் குடிக்காமல் வண்டி ஓட்ட ஒருவரும், சந்தா வசூலிக்க ஒருவரும் வேண்டும். எனக்கும் வயதாகிறது, மூன்று வருடம் ஆயிற்று, வீட்டிலும் கேட்கிறார்கள். செயலாளர் பொறுப்பை ஏற்க யாராவது முன்வந்தால் நான் மகிழ்ச்சியோடு ஒதுங்கிக்கொள்வேன். போன வருடமும் இதையே சொன்னேன், யாரும் கை தூக்கவில்லை. பாக்கி வைத்திருக்கும் எட்டுப் பேரும் இந்த மாதத்துக்குள் கட்டிவிட்டால், இன்னும் ஒரு வருடம் பார்க்கலாம் என்று தோன்றுகிறது.

அடுத்த கூட்டத்திலும் எண் போட்ட கோப்பைகள்தான். எத்தனை குப்பி, எத்தனை கோப்பை என்று இப்போது சொல்லப் போவதில்லை. இரண்டாவது சாவியை அதற்குள் மேசை மேல் வைத்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்