திறப்பைத் திருப்பித் தாருங்கள்

எமது உள்ளூராட்சி சபையின் தலைமைக்கும் கௌரவ உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். மட்டக்களப்பு வாவிக்கரையில் உள்ள எமது சனசமூக நிலையத்துக்குப் பூட்டுப் போடப்பட்ட விபரம் உங்களுக்குத் தெரியும். பூட்டைக் கொண்டுவந்தவர்கள் உங்கள் உத்தியோகத்தர்களே. காணிக்கு உறுதிப் பத்திரம் இல்லை, சங்கத்தின் பதிவு புதுப்பிக்கப்படவில்லை, கட்டடம் சபையின் களஞ்சியத்துக்குத் தேவைப்படுகிறது என்ற மூன்று காரணங்களும் கதவில் ஒட்டிய கடிதத்தில் இருந்தன. கடிதம் மாரி மழையில் கரைந்துபோயிற்று. பூட்டு இருக்கிறது.

அந்தக் கதவுக்குப் பின்னால் எங்கள் மரண சகாய சங்கத்தின் நாற்காலிகளும், தறப்பாள்களும், தேநீர் வைக்கும் கிடாரங்களும் கிடக்கின்றன. கடந்த மார்கழியில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, எங்கள் ஒழுங்கையில் மீன் விற்றுப் பிழைத்த ஒரு தாய் இறந்துபோனார். அவருடைய கணவர் சந்தையில் மூட்டை சுமப்பவர். இளைஞர்கள் வழமைபோலக் கட்டடத்துக்கு ஓடி, பூட்டைப் பார்த்துவிட்டு, பொறுப்பான உத்தியோகத்தருக்கு அழைப்பெடுத்தார்கள். திங்கட்கிழமை அலுவலக நேரத்தில் எழுத்துமூலம் விண்ணப்பிக்குமாறு பதில் வந்தது. அடக்கம் ஞாயிற்றுக்கிழமை. ஓர் அறையும் தகரக் கூரையும் உள்ள அந்த வீட்டில் பிரேதத்தை வைத்தபின் மனிதர் இருக்க இடமில்லை; வந்த சனம் ஒழுங்கையில் தேங்கிய தண்ணீருக்குள் குடையுடன் நின்றது, வயதானவர்கள் உட்பட. மாதாமாதம் சந்தா கட்டி, அந்த நாற்காலிகளில் தனக்கும் ஒரு பங்கு வைத்திருந்த அந்த மனிதர், அவை நூறு யார் தூரத்தில் அடுக்கிக் கிடக்க, வாடகை நாற்காலிக்குக் கடன் வாங்கினார். பூட்டை உடைப்போம் என்று இளைஞர்கள் நின்றபோது அவர்களை மறித்தவன் நான். மறித்தது சரியா என்று இன்னமும் யோசிக்கிறேன்.

ஆகவே எங்கள் வேண்டுகோள் ஒன்றே: கட்டடத்தின் திறப்பை, அந்தப் பூட்டின் சாவியை, எங்களிடம் திருப்பித் தாருங்கள்.

இது யாரோ கட்டிக் கைவிட்ட கட்டடம் அன்று. 1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு அடித்த சூறாவளியில் இந்த ஒழுங்கைகளில் கூரையோடு தப்பிய வீடுகள் மிகக் குறைவு. அதற்கடுத்த ஆண்டு, விழுந்த தென்னைகளை அறுத்து வளை போட்டு, மேசன்மார் நாட்கூலி வாங்காமல் சுவர் எழுப்பி, பெண்கள் வீட்டுக்கு வீடு சேர்த்த பிடி அரிசியை விற்றுச் சீமெந்து எடுத்து, சிரமதானத்தால் எழும்பியது அது. பகலில் பத்திரிகை வாசிக்கவும் இரவில் பிள்ளைகள் படிக்கவும் என்று தொடங்கிய இடம், வீட்டில் மின்சாரம் இல்லாத ஒரு தலைமுறையைப் பரீட்சை எழுத வைத்தது. அவர்களில் ஒருவர் உங்கள் சபையிலேயே எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றார் என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

குழு, சங்கம் என்ற சொற்களுக்கு இந்த மாவட்டம் போர்க்காலத்தில் கொடுத்த விலையையும் நீங்கள் அறிவீர்கள். பிரஜைகள் குழுவில் பணியாற்றிய சந்திரா பெர்ணாண்டோ அடிகளார் 1988 ஜூன் மாதம் சுட்டுக் கொல்லப்பட்டார். சமாதானக் குழுவில் இருந்த யூஜின் ஹேபர்ட் அடிகளார் 1990 ஆகஸ்டில் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில் காணாமற்போனார். அந்த ஆண்டில் ஆண்கள் வெளியே வரப் பயந்திருந்தபோது, பிடித்துச் செல்லப்பட்டவர்களின் பெயர்களை ஒரு கொப்பியில் எழுதி முகாம் வாசல்களுக்குக் கொண்டுபோனவர்கள் எங்கள் மாதர் சங்கத்தினர். அந்தக் கொப்பியும் உள்ளேதான், இரும்பு அலுமாரியில் இருக்கிறது. களஞ்சியம் ஆக்குவதற்கு முன் அதை யார் எடுத்து வைப்பார்கள் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரியும் இல்லை.

2004 டிசம்பர் 26இல் கடற்கரைப் பக்கத்திலிருந்து ஓடி வந்தவர்களுக்கு அன்று பின்னேரமே அந்தக் கிடாரங்களில் கஞ்சி வெந்தது. பிறகு நிறுவனங்கள் வந்தன. அவை நிறைய உதவின, மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு புதுச் சங்கத்தை உருவாக்கி, பெயர்ப்பலகை நட்டு, பயனாளிப் பட்டியலால் அயலவரை அயலவரோடு கோபிக்க வைத்துவிட்டுப் போயின. பலகைகள் துருப்பிடித்துவிட்டன. மாதச் சந்தாவில் ஓடிய பழைய சங்கம் மட்டும் எஞ்சியது.

எங்கள் பக்கத்துத் தவறையும் ஒப்புக்கொள்கிறேன். கொரோனாக் காலத்தில் கூட்டம் கூட முடியவில்லை. அது முடிந்த பிறகும் நாங்கள் சோம்பியிருந்தோம். வருடாந்தப் பொதுக்கூட்டம் தவறியது, பதிவு விடுபட்டது. ஆனால் கூட்டம் தவறியவர்களைப் பற்றிப் பேசுவதானால், உள்ளூராட்சி சபைகளின் காலம் 2023 மார்ச் மாதத்தில் முடிந்து, 2025 மே மாதத்தில்தான் தேர்தல் நடந்தது. இரண்டு வருடங்களுக்கு மேலாக மக்கள் தெரிவுசெய்த சபையே இருக்கவில்லை. அதற்காக எவரும் உங்கள் மண்டபத்துக்குப் பூட்டுப் போடவில்லை. அந்தக் காலத்தில் எங்கள் வடிகானைத் துப்புரவு செய்தது பதிவு இல்லாத இந்தச் சங்கமே. பூட்டோ மிகத் தரமானது. எங்கள் ஒழுங்கையின் வடிகான் மூடிகளையும் அதே கடையில் வாங்கியிருந்தால், போன மாரியில் ஒரு பாடசாலைப் பிள்ளையின் கால் முறிந்திராது. வாவிக்கரையை அழகுபடுத்தும் திட்டத்துக்கு ‘மக்கள் பங்கேற்பு’ என்று பதாகை கட்டிய அன்று, வரவுப் பதிவேட்டில் கையொப்பம் வாங்க எங்களை இதே கட்டடத்தில்தான் இருத்தினீர்கள். அன்று எவரும் உறுதியைக் கேட்கவில்லை.

மன்னிக்க வேண்டும், சொல்ல வந்ததை விட்டு விலகிவிட்டேன். உறுதி இல்லை என்பது உண்மை. 1979இல் உறுதியோடு வீடு வைத்திருந்தவர்கள் எங்கள் ஒழுங்கையில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். காணி அரசுடையது என்றால், அதைச் சபையும் சங்கமும் சேர்ந்து பிரதேச செயலகத்தில் பேசித் தீர்க்கலாம். பதிவைப் புதுப்பிக்க வேண்டிய படிவங்களை நிரப்பி இம்மடலின் பிரதியுடன் அனுப்பியுள்ளோம். சபையின் களஞ்சியத்துக்கு இடம் தேவை என்றால், பின்பக்க வளவில் ஒரு கொட்டில் போட நாங்களே ஆள் தருகிறோம், சம்பளம் இல்லாமல். அதுவரை திறப்பை எங்களிடம் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

தவறிய பொதுக்கூட்டத்தை வருகின்ற ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நான்கு மணிக்குக் கூட்டுகிறோம். உங்கள் சபையின் பிரதிநிதி ஒருவர் அவசியம் வர வேண்டும். திறப்போடு வந்தால் உள்ளே இருந்து பேசலாம். இல்லாவிட்டால் முற்றத்து வேம்பின் கீழ் பாய் விரித்திருப்போம். மழை வந்தால் குடை கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
மரண சகாய சங்கத்தின் முன்னாள் செயலாளர்