3 இன்ச் ஸ்பீக்கர் என்றால் ஒரே பெட்டியா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தாழ்ந்தது முதல் உயர்ந்தது வரை எல்லா ஒலியையும் ஒரே கூம்பில் தரும் சின்ன ஃபுல் ரேஞ்ச் ஸ்பீக்கருக்கு வீட்டிலேயே பெட்டி செய்வது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையின் மரவேலைப் பகுதியில் குறை சொல்ல அதிகமில்லை. ஆனால் 3 இன்ச் ஸ்பீக்கர் எதுவானாலும் 2 லிட்டர் பெட்டி போதும் என்று போகிறபோக்கில் ஒரு வரி வருகிறது. அதை நம்பிப் பலகை அறுப்பவர்களுக்குப் பலகையும் வீண், உழைப்பும் வீண்.

பெட்டியின் அளவைத் தீர்மானிப்பது ஸ்பீக்கரின் விட்டம் அல்ல. அதன் விவரத்தாளில் இருக்கும் மூன்று எண்கள்தான். கூம்பு தன் இயல்பில் அதிரும் அதிர்வெண் எஃப்.எஸ். கூம்பைத் தாங்கும் விளிம்புக்கும் பின்னாலுள்ள ஸ்பைடர் வளையத்துக்கும் இருக்கும் நெகிழ்வுக்கு எத்தனை லிட்டர் காற்று ஈடு என்பது வி.ஏ.எஸ். அதிரும் கூம்பைக் காந்தமும் இந்தத் தாங்கு பாகங்களும் சேர்ந்து எவ்வளவு இறுக்கிப் பிடிக்கின்றன என்பது க்யூ.டி.எஸ்.; எண் சிறியதானால் பிடி வலுவானது. 1961இல் ஆஸ்திரேலியப் பொறியாளர் தீல் தொடங்கி, 1970களின் தொடக்கத்தில் ஸ்மால் என்ற பொறியாளர் விரிவாக்கிய முறை இது. இந்த மூன்றும் அச்சிடப்படாத ஸ்பீக்கரை, விலை எவ்வளவு மலிவானாலும், வாங்காமல் இருப்பதே நல்லது.

ஒரு கணக்கைப் போட்டே பார்க்கலாம். எஃப்.எஸ். 80 ஹெர்ட்ஸ், வி.ஏ.எஸ். 3 லிட்டர், க்யூ.டி.எஸ். 0.4 என்று ஒரு 3 இன்ச் ஸ்பீக்கர். முழுக்க மூடிய பெட்டியில் வைத்தால், பெட்டியோடு சேர்த்துப் பார்க்கும்போது அதே பிடியைக் காட்டும் எண்ணான மொத்த க்யூ 0.707 ஆக இருப்பது வழக்கமான இலக்கு. 0.707ஐ 0.4ஆல் வகுத்து, வர்க்கப்படுத்தி, ஒன்றைக் கழித்தால் 2.12. வி.ஏ.எஸ்.ஸை இதனால் வகுத்தால் பெட்டி 1.4 லிட்டர். சின்னதுதான், ஆனால் பாஸ், அதாவது தாழ்ந்த ஒலி, 141 ஹெர்ட்ஸிலேயே சரியத் தொடங்கிவிடும். இதே ஸ்பீக்கரை 3 லிட்டர் போர்ட் பெட்டியில், அதாவது காற்றுக் குழாய் வைத்த பெட்டியில், குழாய் 75 ஹெர்ட்ஸில் ஒலிக்கும்படி ட்யூன் செய்தால் பாஸ் ஏறக்குறைய 75 வரை இறங்கும். இனி க்யூ.டி.எஸ். மட்டும் 0.7, மற்ற இரண்டும் அதே எண்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்த க்யூவை 0.9 வரை விட்டுக்கொடுத்தாலும் மூடிய பெட்டிக்கு 4.6 லிட்டர் வேண்டும். இதற்குப் போர்ட் வைத்தால் ட்யூனிங்குக்கு மேலே ஒரு மேடு எழும்பி, எல்லாப் பாட்டிலும் ஒரே சுருதியில் 'பூம் பூம்' என்று கேட்கும். இரண்டும் 3 இன்ச்தான். கட்டுரை சொல்லும் 2 லிட்டர் இரண்டுக்குமே ஒத்துவராது.

தோராயமாகச் சொன்னால் க்யூ.டி.எஸ். 0.3 முதல் 0.45 வரை போர்ட் பெட்டி, 0.5க்கு மேல் மூடிய பெட்டி. நடுவில் இருப்பவை எப்படியும் போகலாம். சந்தேகம் என்றால் மூடிய பெட்டி, ஏனென்றால் அதில் தவறு நேர இடம் குறைவு.

போர்ட் குழாய் விஷயத்தில்தான் பலரும் சறுக்குகிறார்கள். குழாயின் உள்விட்டத்தைச் செ.மீ.யில் எடுத்து, அதன் வர்க்கத்தை 23,562ஆல் பெருக்குங்கள். ட்யூனிங் அதிர்வெண்ணின் வர்க்கத்தையும் பெட்டியின் லிட்டரையும் பெருக்கி வரும் எண்ணால் அதை வகுத்து, உள்விட்டத்தில் 0.73 மடங்கைக் கழித்தால் நீளம் வந்துவிடும். 3 லிட்டர், 75 ஹெர்ட்ஸ், 3 செ.மீ. குழாய் என்றால் 10.4 செ.மீ. காற்று தாராளமாகப் போகட்டும் என்று 4 செ.மீ. குழாய் போட்டால் நீளம் 19.4 செ.மீ. ஆகிவிடும், 15 செ.மீ. ஆழமுள்ள பெட்டிக்குள் அதை எங்கே வைப்பது? 2.5 செ.மீ. போட்டால் 6.9 செ.மீ. போதும், ஆனால் சத்தம் கூட்டினால் குழாய் வாயில் காற்று 'உஸ்' என்று இரையும். குழாயை 2 செ.மீ. நீளமாகவே வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். மொபைல் டோன் ஜெனரேட்டரில் 60இலிருந்து மெல்ல ஏற்றிக்கொண்டே கூம்பைக் கூர்ந்து பாருங்கள். ஒரு இடத்தில் கூம்பு ஏறக்குறைய அசையாமல் நிற்கும், சத்தம் மட்டும் குழாயிலிருந்து வரும். அதுதான் உண்மையான ட்யூனிங். அது 68இல் வந்தால் குழாயை அரை செ.மீ. அரை செ.மீ.யாகக் குறைத்து 75க்கு ஏற்றுங்கள். வெட்டியதை ஒட்ட முடியாது, அவசரம் வேண்டாம்.

மேலே சொன்ன 3 லிட்டர் போர்ட் பெட்டிக்கு, மரநாரை அழுத்திச் செய்த 12 மி.மீ. எம்.டி.எஃப். பலகை போதும். முன், பின் பலகைகள் 134க்கு 224 மி.மீ. இரண்டு, பக்கப் பலகைகள் 150க்கு 224 இரண்டு, மேல், கீழ் 110க்கு 150 இரண்டு. உள்ளே 3.3 லிட்டர் வரும். ஸ்பீக்கரும் குழாயும் கால் லிட்டர் பிடித்துக்கொள்ள, மிச்சம் 3 லிட்டர் சொச்சம். ரம்பம் ஒவ்வொரு வெட்டிலும் 3 மி.மீ. வரை தின்னும், அதைச் சேர்த்துக் கோடு போடுங்கள். எம்.டி.எஃப். விளிம்பில் முன்துளை போடாமல் ஸ்க்ரூ ஏற்றினால் பலகை பிளக்கும்.

கட்டுரையில் விட்டுப்போனது ஒன்று. 12 மி.மீ. பலகையில் 7 செ.மீ. துளை போட்டு ஸ்பீக்கரைப் பொருத்தினால், ஸ்பீக்கரின் சட்டமான கூடையின் பின்பக்க ஜன்னல்கள் பலகைக்குள்ளேயே புதைந்துவிடும். கூம்பின் பின்னால் வரும் காற்று ஒரு குட்டிச் சுரங்கத்தில் அடைபட, நடுக் குரல் டப்பாவுக்குள் பேசுவதுபோல் ஆகும். துளையின் உள்விளிம்பைச் சுற்றி 45 டிகிரியில் அரத்தால் சரித்துவிடுங்கள். ஸ்க்ரூ பிடிக்கும் இடங்களில் மட்டும் பலகையின் முழுத் தடிப்பும் இருக்கட்டும்.

காற்றுக் கசிவு இன்னொரு தலைவலி. மூடிய பெட்டியில் கூம்பைச் சுற்றிலும் சமமாக விரல் வைத்து மெல்ல அழுத்தி விடுங்கள். மெதுவாகத் திரும்பி வந்தால் பெட்டி இறுக்கம், சட்டென்று வந்தால் எங்கோ ஓட்டை. பெரும்பாலும் ஒயர் வெளிவரும் துளையாகத்தான் இருக்கும். போர்ட் பெட்டியில் இந்தச் சோதனை செல்லாது. தாழ்ந்த டோன் ஒன்றை ஓடவிட்டு, ஈரக் கையை இணைப்புகளின் ஓரமாகக் கொண்டுபோனால் காற்று படுவது தெரியும்.

பஞ்சு வைப்பதிலும் இரண்டு பெட்டிக்கும் ஒரே வழி இல்லை. மூடிய பெட்டியில் தலையணைப் பாலியஸ்டர் பஞ்சைப் பிய்த்துத் தளர்வாக முழுக்க நிரப்பலாம். போர்ட் பெட்டியில் சுவர்களில் மட்டும் ஒட்டவேண்டும். குழாயின் உள்வாயைப் பஞ்சு தொடவே கூடாது. கூம்புக்கு நேர் பின்னாலுள்ள பலகையில் கூடுதலாக ஒரு அடுக்கு வையுங்கள். 15 செ.மீ. ஆழத்தில் 1,140 ஹெர்ட்ஸ் அருகே அலை நின்று எதிரொலிக்கும், மெல்லிய காகிதக் கூம்பு அதை அப்படியே வெளியே விட்டுவிடும்.

பெட்டி சரியாக அமைந்தும் ஒலி மெலிந்து, காதைக் குத்துகிறதா? குறுகிய முன்பலகைதான் காரணம். 13.4 செ.மீ. அகலத்தில் சுமார் 860 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்துக்குக் கீழே ஒலி பின்பக்கமும் பரவிப்போகும். 8 ஓம் ஸ்பீக்கருக்கு 1 மில்லிஹென்றி காயில் எனும் கம்பிச்சுருளையும் 4.7 ஓம், 10 வாட் ரெசிஸ்டரையும் பேரலலாக இணைத்து, அந்த ஜோடியை ஸ்பீக்கரோடு சீரிஸில் போட்டால் மேல் ஒலி 4 டெசிபல் தணியும். சுவரை ஒட்டி வைப்பவருக்கு இவ்வளவு தேவைப்படாது. காயில் தடித்த கம்பியில் சுற்றியதாக இருக்கட்டும். மெல்லிய கம்பியின் ஓம்கள் க்யூ.டி.எஸ்.ஸை ஏற்றி, போட்ட கணக்கையெல்லாம் கலைத்துவிடும்.

கூம்பின் பின்பக்க ஒலியை நீண்ட பாதை வழியே வெளியே கொண்டுவரும் பேக் லோடட் ஹார்ன், கால் அலைப் பெட்டி போன்றவற்றைக் கட்டுரை அழகாகப் படம்போட்டிருக்கிறது. 80 ஹெர்ட்ஸுக்குக் கால் அலையே 1.07 மீட்டர், எப்படி மடித்தாலும் அது கையடக்கம் ஆகாது. காந்தம் இல்லாமல், பெட்டிக்குள் இருக்கும் காற்றால் அசையும் கூம்பான பேசிவ் ரேடியேட்டர் வேறு கதை. 1, 2 லிட்டரில் குழாய்க்கு இடமில்லாதபோது அது கைகொடுக்கும், ஆனால் அது நகர்த்தும் காற்று ஸ்பீக்கர் நகர்த்துவதைப்போல் இரண்டு மடங்காவது இருக்கவேண்டும்.

போர்ட் பெட்டியில் ட்யூனிங்குக்குக் கீழே கூம்பைப் பிடித்துநிறுத்தக் காற்றே இல்லை. அதே சத்தத்துக்கு ஒரு ஆக்டேவ், அதாவது பாதி அதிர்வெண்ணுக்கு, இறங்கினால் கூம்பு நான்கு மடங்கு நகரவேண்டும். 3 இன்ச்சில் அதற்கு இடமில்லை. ஆம்பிலோ மொபைல் ஈக்வலைசரிலோ 65 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடாமல் பாஸ் பூஸ்ட் போட்டால் கூம்பை அசைக்கும் கம்பிச்சுருளான வாய்ஸ் காயில் பின்தட்டில் இடிப்பது 'டக் டக்' என்று கேட்கும்.

திருத்தம் வெளியிடுவதாக இருந்தால், அந்த 2 லிட்டர் படம் எந்த எஃப்.எஸ்., வி.ஏ.எஸ்., க்யூ.டி.எஸ். உள்ள ஸ்பீக்கருக்கு வரையப்பட்டது என்று படத்தின் கீழேயே அச்சிடும்படி கேட்டுக்கொள்கிறோம். படத்தில் குழாயின் முனை பின்பலகையைத் தொடுவதுபோல் இருக்கிறது. குறைந்தது குழாயின் விட்டம் அளவுக்காவது இடைவெளி விட்டு அதையும் திருத்தி வரையவேண்டும்.

இப்படிக்கு,
ஸ்பீக்கர் பெட்டி செய்யும் வாசகர்கள் சிலர்