நான்கு கோடு போட்ட வில்லியம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் பழைய நாணயங்கள் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். விக்டோரியா மகாராணியை 'விண்ட்சர் வம்சத்து அரசி' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த அம்மாள் 1901-இலேயே கண்ணை மூடிவிட்டார். விண்ட்சர் என்பது அதுவரை கோட்டையின் பெயர்; குடும்பத்துக்கு அந்தப் பெயரை வைத்தது 1917 ஜூலையில்.

நான் கல்லூரி வாசலை மிதித்தவன் அல்ல. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் முப்பத்தெட்டு ஆண்டுகள் கொலுசுப் பட்டறை வைத்திருந்தேன். பாட்டியின் சுருக்குப்பையோடு வருகிறவர்கள் ராஜா தலை, ராணி தலை என்று ரூபாய்களைக் கொட்டுவார்கள். பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. 1940 முதல் 1945 வரை அடித்தது என்றால் பாதிதான்; கல்லில் போட்டால் சத்தமே காட்டிக்கொடுத்துவிடும். உருக்கப்போகும் தலைகள் யாருடையவை என்று தெரிந்துகொள்ளும் ஆசையில் ராத்திரியில் படித்ததுதான் எனக்குத் தெரிந்த சரித்திரம்.

வாழப்பாடிப் பக்கமிருந்து வந்த ஒரு பையில் 1835-ஆம் ஆண்டு ரூபாய் ஒன்று கிடந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி அடித்தது. கிரீடம் இல்லாத இங்கிலாந்து ராஜா நான்காம் வில்லியம். 'நான்கு' என்பதற்குச் சுவர்க் கடிகாரத்தில் இருப்பதுபோல நான்கு கோடுகளை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். காதுக்குக் கீழே, எந்தக் காலத்திலோ யாரோ சோதித்துப் பார்த்த உளிவெட்டு. எடைக்கு எடை வெள்ளி கொடுத்து அதை எனக்கென்று எடுத்து வைத்தேன்.

இந்த வில்லியம் ஜெர்மனியின் ஹனோவர் அரச வீட்டுக்காரர். கத்தோலிக்கருக்கு அரியணை இல்லை என்று 1701-இல் லண்டனில் சட்டம் போட்டார்கள். 1714-இல் ஆன் அரசி பிள்ளையில்லாமல் இறந்தபோது, உறவில் நெருங்கிய ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களைத் தாண்டிப்போய் ஹனோவரின் ஜார்ஜைக் கூட்டிவந்து முடிசூட்டினார்கள். அவருக்கு ஆங்கிலம் சரளமாக வராது! அவருடைய மகனின் பேரனும் வில்லியமின் அப்பாவுமான மூன்றாம் ஜார்ஜ் ஹனோவர் மண்ணை மிதித்ததே இல்லை. ஆனாலும் அதற்கும் அவரே அதிபதி. 1792-இல் திப்பு சுல்தான் நம் சேலத்தைக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தபோது லண்டன் சிம்மாசனத்தில் இருந்தவர் இவர்தான்.

வில்லியம் 1837-இல் இறந்தார். ஆண் வாரிசு இருக்கையில் பெண்ணுக்குப் பட்டம் கிடையாது என்பது ஹனோவர் வழக்கம். ஆகவே லண்டன் அவருடைய தம்பி மகள் விக்டோரியாவுக்கும், ஹனோவர் விக்டோரியாவின் சித்தப்பா எர்னஸ்ட் அகஸ்டஸுக்கும் போயின. பாகப்பிரிவினைதான். ஆக, விக்டோரியாவும் ஹனோவர் வீட்டுப் பெண்ணே. அவர் மணந்த ஆல்பர்ட், சாக்ஸ்-கோபர்க்-கோத்தா என்ற வேறொரு ஜெர்மன் வீட்டுப் பிள்ளை. மகன் எட்வர்ட் காலத்திலிருந்து அரச குடும்பத்துக்கு அந்தப் பெயர்.

முதல் உலகப் போரில் லண்டன்மேல் குண்டு போட்ட ஜெர்மன் விமானத்துக்கும் கோத்தா என்றே பெயர். எட்வர்டின் மகன் ஐந்தாம் ஜார்ஜ் பாவம், என்ன செய்வார்? கோட்டையின் பெயரை எடுத்து வைத்துக்கொண்டார். பாட்டன்பெர்க் என்றிருந்த சொந்தக்காரர்கள் மவுண்ட்பேட்டன் ஆனார்கள். 1947-இல் நம் நாட்டின் கடைசி வைஸ்ராயாக வந்தவர் அந்த வீட்டுப் பிள்ளை.

ஒரு வரியில் திருத்தம் போட்டால் போதும். அந்த நான்கு கோட்டு ரூபாயைப் படம் பிடிக்க உங்கள் நிருபர் தாராளமாக வீட்டுக்கு வரலாம். மேசைமேல் வைப்பேன், கையில் மட்டும் தரமாட்டேன்.

இப்படிக்கு,
பழைய கொலுசுப் பட்டறைக்காரர்,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்.